தொலைவிலுள்ள போரும் துயரின் அறமும்

பாரதப் போரின் பதினெட்டு நாட்களிலும் களத்தை மிதியாது, ஆயினும் களத்தில் வீழ்ந்த ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டுத் துடித்தவன் ஒருவன் உளன். அத்தினாபுரத்து அரண்மனையில் அமர்ந்திருந்த திருதராட்டிரனே அவன். பார்வையற்ற அம்மன்னனுக்கு ஞானக்கண் பெற்ற சஞ்சயன் போர்ச் செய்தியை எடுத்துரைத்தான் என்பது கதை. கல்முனையை அடுத்த பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திலே ஆண்டுதோறும் புரட்டாதியில் பதினெட்டு நாள் விழாவாகப் பாரதக் கதை நிகழ்த்திக் காட்டப்படுகின்றது. வனவாசமும் தீமிதிப்பும் பெருங்கூட்டத்தை ஈர்க்கின்றன. அரண்மனையில் இருந்தவாறே செய்தி கேட்ட முதியவனைப் பற்றி எவரும் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயின் இக்கால மனிதரின் நிலையை நோக்குமிடத்து, வில்லேந்திய விசயனிலும் பார்க்க அம்முதியவனே அவர்களுக்கு நெருங்கிய உறவினன் எனலாம்.

2023 ஒக்டோபர் 7 ஆம் திகதி ஹமாஸ் இயக்கத்தினர் இஸ்ரேலுக்குள் புகுந்து நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டனர். 250 பேர் வரையில் பணயமாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அதனையடுத்துக் காஸா மீது இஸ்ரேல் தொடுத்த போரில் மாண்டோரின் தொகை, காஸா சுகாதார அமைச்சின் கணக்கின்படி, 2025 இல் அறுபதினாயிரத்தைக் கடந்தது. அம்பாறைக் கரையோரத்திலிருந்து காஸா ஏறத்தாழ 5,500 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து உட்சென்றால் வயல்களுக்கிடையே சவளக்கடை வரும். மாரி வெள்ளம் தாம்போதியை மூடினால் கல்முனையே தொலைவாகிவிடும் பகுதி அது. அத்தகைய ஊர்களிலுள்ளோரும் ரஃபா, கான் யூனிஸ், ஜபாலியா என்னும் பெயர்களை இன்று அயலூர்ப் பெயர்களைப் போல் உச்சரிக்கின்றனர்.

2025 மார்ச் 18 ஆம் திகதியை எடுத்துக்கொள்ளலாம். நோன்பு மாதம். அதற்கு முன் இரு மாதங்கள் நீடித்த போர் ஓய்வு முறிந்து, காஸாவில் அதிகாலை இரண்டு மணி கடந்த வேளையில் குண்டுகள் வீழ்ந்தன. அந்த ஒரு நாளில் நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வேளை இலங்கையில் ஐந்தரை மணி கடந்திருந்தது. ஸஹர் உண்டு ஸுபஹுத் தொழுகையை முடித்தவர்கள் கைத்தொலைபேசியைக் கையிலெடுக்கும் நேரம். இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள மூன்றரை மணி நேர வேறுபாடு, அங்குள்ள நள்ளிரவின் சாவை இங்குள்ள விடியலின் முதற் செய்தியாக்குகின்றது. நோன்பு நோற்ற வயிற்றோடு ஒருவன் அந்தப் பிள்ளைகளின் உடல்களைக் காண்கிறான். பின்னர் வயலுக்கோ கடைக்கோ பாடசாலைக்கோ செல்கிறான். பகல் முழுவதும் அவனுள் இருந்துகொண்டிருக்கும் அவ்வுணர்வு எத்தகையது? அது அறத்தின்பாற்பட்டதா, மனக்கிளர்ச்சி மாத்திரமா? அதனை உற்றவன் மீது ஏதேனும் கடமை வந்து சேருகின்றதா?

இவ்வினா ஐரோப்பிய மெய்யியலாளருக்குப் புதியதன்று. அடம் ஸ்மித் 1759 இல் வெளியிட்ட ஒழுக்க உணர்வுகள் பற்றிய நூலில் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறார். சீனப் பேரரசு முழுவதும் நிலநடுக்கத்தில் அழிந்ததென ஐரோப்பிய நல்லிதயன் ஒருவன் கேள்விப்படுகிறான், வருந்துகிறான், மனித வாழ்வின் நிலையாமை பற்றிச் சில சொற்கள் சொல்கிறான், அன்றிரவு நன்றாக உறங்குகிறான். மறுநாள் தன் சிறுவிரலை இழக்க நேருமென்று அறிந்திருந்தால் அவனுக்கு உறக்கம் வந்திராது. மனித இயல்பைப் பழிப்பது ஸ்மித்தின் நோக்கமன்று. உணர்ச்சி இவ்வளவு குறுகியதாயினும், தன் விரலைக் காக்கும்பொருட்டு அத்தனை உயிர்களைப் பலியிட அம்மனிதன் உடன்படான். அவனைத் தடுப்பது அறிவும் மனச்சாட்சியுமே என்பது அவருடைய முடிபு. அதாவது, தொலைவிலுள்ளோர் மீதான அறம் உணர்ச்சியில் வேரூன்றியதன்று என்று அவர் கருதினார்.

அவர் காலத்தில் சீனத்துச் செய்தி கப்பலில் வந்தது. வந்தபோது பல மாதங்கள் கடந்திருந்தன. இன்று நிலை வேறு. உறங்காதவர்கள் உளர். விசுவாசிகள் அனைவரும் ஓர் உடல் போன்றவர்கள், ஓர் உறுப்பு நோவுற்றால் உடல் முழுவதும் காய்ச்சலும் விழிப்பும் கொள்ளும் என்ற கருத்துடைய நபிமொழியைக் கிழக்கிலங்கைப் பள்ளிவாசல்களில் கேளாதார் இல்லை. அறிவுரையாகக் கேட்ட அம்மொழி, உடலளவில் உண்மையாகிவிட்ட காலம் இது. சிறுவிரல் பற்றி ஸ்மித் கூறியதை இவ்வூர்கள் பொய்யாக்கிவிட்டன என்றே தோன்றும். ஆயின் அவர் எழுப்பிய ஐயம் வேறொரு வடிவில் மீண்டும் வருவதைப் பின்னர் காணலாம்.

தொலைப் போருக்காக வருந்தும் வழக்கம் கைத்தொலைபேசியோடு தோன்றியதன்று. 1882 இல் பிரித்தானியர் எகிப்தைக் கைப்பற்றியதும், அந்நாட்டுக் கிளர்ச்சியின் தலைவர் ஒறாபி பாஷா தோழர்களோடு இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு 1883 சனவரியில் கொழும்பை வந்தடைந்தார். அறிஞர் சித்திலெப்பையின் ‘முஸ்லிம் நேசன்’ 1882 இலேயே தொடங்கியிருந்தது. இலங்கையின் முதலாவது தமிழ் நாவலெனக் கருதப்படும் அவருடைய ‘அசன்பே சரித்திரம்’ 1885 இல் வெளிவந்தபோது அதன் கதை எகிப்திலும் இந்தியாவிலும் நிகழ்வதாக அமைந்தமையில் வியப்பில்லை. தோற்ற போரின் தலைவனை நேரிற் கண்ட அத்தலைமுறை அழுததோடு அமையவில்லை. ஒறாபி பாஷாவின் ஊக்கமும் சித்திலெப்பையின் உழைப்பும் சேர்ந்து 1892 இல் கொழும்பில் உருவான கல்விக்கூடமே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாயிற்று. எகிப்துக்காக நேர்ந்த துயர் மருதானையில் ஒரு பள்ளிக்கூடமாக முடிந்தது என்பது இவ்விடயத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கது.

அதன்பின் வந்தது வானொலிக் காலம். இரவு நேரத்தில் லண்டனிலிருந்து ஒலித்த ‘தமிழோசை’, 2017 இல் அதன் வானொலி ஒலிபரப்பு நிறுத்தப்படும்வரை, பல வீடுகளின் சஞ்சயனாக விளங்கியது. வானொலி பிணத்தைக் காட்டவில்லை; எண்ணிக்கையைச் சொன்னது. கேட்போன் தன் கற்பனையால் எஞ்சியதை நிரப்பினான். செய்தி முடிந்ததும் பெட்டியை மூடிவிட்டு அயலவனோடு திண்ணையில் அமர்ந்து பேசினான். இன்றைய நோக்குவோனுக்கு நேரவரையறை இல்லை. திண்ணையும் பெரும்பாலும் இல்லை. படுக்கையில் தனித்திருந்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான். ஒரு தந்தையின் ஓலத்தை அடுத்து ஒரு திருமண வீட்டுக் காட்சி வருகின்றது. அதனையடுத்துச் சமையற் குறிப்பு.

அவனுடைய உணர்வைப் பகுத்து நோக்கின் அதனுள் இரக்கம் மட்டும் இல்லை என்பது புலனாகும். முதலாவது, இயலாமை. கண்முன்னே நிகழ்வது போல் தோன்றும் ஒன்றில் கைநீட்ட முடியாமை உடலை வருத்துகின்றது. இரண்டாவது, உண்ணும்போதும் உடுக்கும்போதும் எழும் குற்றவுணர்வு. பட்டினியால் வாடும் பிள்ளையைப் பார்த்தபின் நோன்பு திறக்கும் தட்டில் கஞ்சியும் பேரீச்சம்பழமும் இருப்பதே குற்றம்போலத் தோன்றுகின்றது. இவ்வுணர்வு சில வேளைகளில் நற்பயன் தந்ததுமுண்டு. 2024 இல் இலங்கை அரசு அமைத்த காஸாச் சிறுவர் நிதியத்திற்காக, அரச நிறுவனங்கள் இப்தார் விருந்துகளுக்கு ஒதுக்கும் பணத்தை வழங்குமாறு கேட்கப்பட்டது. அந்நிதியிலிருந்து பத்து இலட்சம் டொலர் ஐக்கிய நாடுகள் நிறுவனத்திடம் கையளிக்கப்பட்டது. சில மென்பானங்களை வாங்காது விடுதலும், தொழுகையிற் குனூத் ஓதுதலும் இவ்வகையினவே. ஒரு போத்தலை வாங்காது விடுவதால் போர் நின்றுவிடுமா என்று எள்ளுவோர் உளர். நிற்காதுதான். எனினும் செயலற்றிருக்கும் வேதனையினின்று ஒரு மனிதன் தன்னைச் சிறிதளவேனும் மீட்டுக்கொள்ளும் வழியை எள்ளி நகையாடுவது எவருக்கும் நன்மை பயப்பதன்று.

மூன்றாவதாகச் சொல்லவேண்டியதை எவரும் எளிதில் ஒப்புக்கொள்ளார். போரைத் தொலைவிலிருந்து நோக்குவதில் ஓர் ஈர்ப்பு உண்டு. வரைபடங்கள், ஏவுகணைகளின் பெயர்கள், யார் முன்னேறினர், யார் பின்வாங்கினர் என்ற கணக்கு. கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையைப் பேசுவது போலவே இவையும் தேநீர்க் கடைகளிற் பேசப்படுகின்றன. தமிழிலக்கியத்துக்கும் இது புதிதன்று. கலிங்கத்துப் பரணியில் களத்திலிருந்து வந்த பேயொன்று போரை விரித்துரைக்கக் காளியும் கூளிகளும் கூழுக்குக் காத்திருக்கும் பசியோடு கேட்டிருக்கின்றன. முஸ்லிம் புலவர்கள் பாடிய படைப்போர் இலக்கியங்களைக் கேட்ட அவைகளிலும் உவகை நிறைந்தே இருந்திருக்கும். பரணியில் அவ்வுவகை வெளிப்படையானது. இக்காலத்தவனின் உவகை துயரின் ஆடையைப் போர்த்துக்கொண்டு வருவதால் அவனே அதனை அடையாளங் காண்பதில்லை. நான்காவது, மரத்துப்போதல். முதல் வாரத்தில் கண்ணீர் வரவழைத்த காட்சி இரண்டாம் ஆண்டில் பெருவிரலை நிறுத்துவதில்லை. இதுபற்றி வெட்கப்படுவோரும் உளர். அதனை உணராதோரே மிகுதி.

இனி, இவ்விடயத்தின் முள் எங்கேயிருக்கின்றதென்று நோக்கவேண்டும். “காஸாவுக்காக அழுகிறீர்களே, பக்கத்து ஊருக்காக அழுதீர்களா?” என்ற கேள்வி கிழக்கிலங்கையில் அடிக்கடி எழுகின்றது. தமிழர் முஸ்லிம்களைப் பார்த்துக் கேட்கின்றனர். 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த நாட்களை நினைவுபடுத்தி, அப்போது இக்குனூத் எங்கே போயிற்று என்கின்றனர். முஸ்லிம்களும் திருப்பிக் கேட்கின்றனர். 2009 இல் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் நின்றவர்களும், அவ்வாண்டு மே 10 இல் ரொறன்ரோவின் பெருவீதியை மறித்து அமர்ந்தவர்களும், 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட எழுபதினாயிரம் வரையிலான முஸ்லிம்களுக்காக எந்த வீதியில் அமர்ந்தனர் என்பது அவர்களது வினா. இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டும் பெரும்பாலும் பதிலை எதிர்பார்த்துக் கேட்கப்படுவனவல்ல. எதிரியின் துயரை வாயடைக்கச் செய்வதற்கே கேட்கப்படுகின்றன. ஒருவர் எங்கோ அழத் தவறினார் என்பது, அவர் இங்கே அழும் அழுகை பொய் என்பதற்குச் சான்றாகாது. அவ்வாறு கொள்ளின் உலகில் எவருக்கும் அழும் உரிமை இராது.

ஆயினும் கேட்பவரின் நோக்கம் தவறாயிருப்பதனால் கேள்வி மறைந்துவிடுவதில்லை. 1990 ஆகஸ்ட் மாதத்தை நோக்குவோம். அம்மாதம் 2 ஆம் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தது. கிழக்குக் கரையோரத்தின் பல குடும்பங்களுக்கு அது வெளிநாட்டுச் செய்தியன்று. மகளோ சகோதரியோ அங்கே பணிப்பெண்ணாயிருந்தாள். மறுநாள், 3 ஆம் திகதி இரவு, காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். 11 ஆம் திகதி இரவு ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டனர். 12 ஆம் திகதி சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். தாக்கியோருள் முஸ்லிம் ஊர்காவற்படையினரும் இருந்தனரெனத் தப்பியோர் சாட்சியமளித்துள்ளனர். சவளக்கடையிலிருந்து வீரமுனைக்குச் சில மைல்களே உள்ளன. பத்து நாட்களுக்குள் இவையனைத்தும் நிகழ்ந்தன. பள்ளிவாசலில் இறந்தவர்களுக்காகக் கோயிலில் அழுகை எழவில்லை. கோயிலில் இறந்தவர்களுக்காகப் பள்ளிவாசலில் எழவில்லை. தனித்தனி வீடுகளில் இரகசியமாக அழுதவர்கள் இருந்திருப்பர்.

தொலைப் போர் எளிதிற் கண்ணீரை வரவழைப்பதும் அண்மைப் போர் கண்ணீரை உலரச் செய்வதும் ஏன்? தொலைவிலிருப்பவன் நோக்குவோனிடம் எதனையும் கேட்பதில்லை. அவனுடைய வயலின் எல்லை இவனுடைய வயலைத் தொடுவதில்லை. அவன் திரும்பி வந்தால் விட்டுக்கொடுக்க வேண்டிய காணி எதுவும் இவனிடம் இல்லை. அவனைக் கொன்றவனை இவன் நாளைக் காலை சந்தையிற் காணப்போவதுமில்லை. கொன்றவன் இவனுடைய மைத்துனனாயிருக்கும் வாய்ப்பும் இல்லை. எனவே அங்கே நீதியும் அநீதியும் தெளிவாகத் தெரிகின்றன. அண்மையிலோ ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்கும் ஒரு விலை உண்டு. வீரமுனைக்காக அழும் முஸ்லிம் தன் ஊரவர் சிலரைக் குற்றஞ் சாட்டியே அழவேண்டும். காத்தான்குடிக்காக அழும் தமிழன் தன் பெயரால் துப்பாக்கி ஏந்தியோரைக் குற்றஞ் சாட்டியே அழவேண்டும். சிறுவிரல் பற்றிய ஸ்மித்தின் ஐயம் மீண்டும் எழுவது இவ்விடத்திலேதான். நூறு பேருக்காக உறக்கம் இழப்பவனும் தன் விரலில் ஒரு கீறல் விழுமெனின் கண்ணை மூடிக்கொள்கிறான்.

திருதராட்டிரனின் அழுகையை முற்றாக நம்ப இயலாமைக்கும் இதுவே காரணம். குருச்சேத்திரம் அவனுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது உண்மையே. ஆயின் சூதாட்ட மண்டபம் எட்டாத தூரத்தில் இருக்கவில்லை. திரௌபதை இழுத்து வரப்பட்டபோது அவன் அதே மண்டபத்தில் வீற்றிருந்தான், அரசனாயும் இருந்தான். அன்று அவன் காலங் கடத்தினான். தன் மக்களைக் கடிந்துகொள்ளும் விலையைக் கொடுக்க அவன் மனம் ஒப்பவில்லை. பின்னர் சஞ்சயனிடம் நாள்தோறும் கேட்டுத் துடித்தது அந்த விலையின் வட்டியே எனலாம்.

சீன அறிஞர் மென்சியஸ் இதனினும் கனிவாக இப்பிரச்சினையை அணுகினார். சீ நாட்டு மன்னன், மணியொன்றைப் புனிதப்படுத்தும் பலிக்காக இழுத்துச் செல்லப்பட்ட எருது நடுங்குவதைக் கண்டு மனம் பொறாது, அதற்குப் பதிலாக ஆடொன்றைப் பலியிடுமாறு பணித்தான். ஆட்டின் உயிர் உயிரில்லையா, மன்னன் கஞ்சன் என்று மக்கள் பேசிக்கொண்டனர். மென்சியஸ் அவ்வாறு இகழவில்லை. எருதைக் கண்டார், ஆட்டைக் காணவில்லை. கண்டதன்மீது பிறந்த அவ்விரக்கமே நல்லாட்சியின் வித்து என்று மன்னனைத் தேற்றினார். அடுத்து ஒரு வினாவை வைத்தார்: விலங்கொன்றைத் தொட்ட இரக்கம் தங்கள் குடிமக்களைத் தொடாதது ஏன்? பெரும் பாரத்தைத் தூக்க வல்லவன் ஓர் இறகைத் தூக்க முடியவில்லை என்றால் எவர் நம்புவர்? மன்னனிடம் குறைந்திருந்தது ஆற்றலன்று. செய்யத் துணியாமையே என்பது அவர் கருத்து. காஸாவுக்காக ஒருவன் உண்மையாகவே உறக்கமிழந்தானெனின், கொல்லப்பட்ட குழந்தை எதுவென்று காணும் கண் அவனிடம் உண்டு. அக்கண் வீரமுனையில் மங்குமெனின், அது பார்வைக் குறைபாடாகாது.

இக்கண் ஒருமுறை இரு திசையிலும் திறந்திருந்ததற்குக் கல்முனையிலேயே சான்றுண்டு. கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் தமிழாக்கித் தொகுத்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981 இல் நூலாயிற்று. அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. அதுபற்றிப் பரவலாக அறியப்பட்ட ‘புத்தரின் படுகொலை’யைப் பாடியவரும் அவரே. பலஸ்தீனத்தை உற்றுக் கேட்ட செவி யாழ்ப்பாணத்துக்கு மூடியிருக்கவில்லை. அம்மொழிபெயர்ப்புகளைத் தமிழ் இளைஞர்கள் தம் சொந்தக் குரலாகவே வாசித்தனர். எண்பதுகளின் ஈழத்துக் கவிதை அவற்றிலிருந்து பெற்ற ஊட்டம் சிறிதன்று. தமிழ் இயக்கத்தவர் சிலர் லெபனானில் பலஸ்தீனரிடம் பயிற்சி பெற்றதும் அக்காலத்திலேயே. 1984 இல் கொழும்பில் இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவு திறக்கப்பட்டபோது முஸ்லிம்கள் எதிர்த்தனர். 1996 முதல் இலங்கை விமானப்படை பயன்படுத்திய கிபிர் விமானங்கள் இஸ்ரேலில் ஆக்கப்பட்டவை; வன்னியில் அவற்றின் இரைச்சலைக் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைக்கும் காஸாவில் ஓடிய பிள்ளைக்கும் இடையிலான தொலைவை மைல்கணக்கில் அளப்பது பொருந்துமா என்பது ஐயமே. 2023 இன் பிற்பகுதியிலிருந்து இஸ்ரேலியப் பண்ணைகளுக்கு இலங்கைத் தொழிலாளர்கள் அனுப்பப்படுகையில் அத்தொலைவு மேலும் சிக்கலாகின்றது. அவர்களை ஏசுவோர், ஊரில் அவர்களுக்கு வேலையில்லை என்பதனை ஏன் மறக்கின்றனரோ தெரியவில்லை.

தொலைவிலுள்ளோரின் இரக்கத்தைப் பெறும் இடத்திலும் இக்கரையோரம் இருந்ததுண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் படங்களைக் கண்டு, அவற்றின் பெயரைச் சரியாக உச்சரிக்கவும் அறியாத நாடுகளின் மக்கள் அழுதனர், பணம் அனுப்பினர். சவூதி அரேபியாவின் உதவியால் அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவ்வீடுகளை எவ்வினத்தவர்க்கு எவ்விகிதத்தில் வழங்குவது என்பது பற்றி அண்மையிலிருந்தோரிடையே வழக்கு எழுந்தது. விடயம் உயர்நீதிமன்றம்வரை சென்றது. தீர்ப்பு வந்தபின்னும் வீடுகள் பகிரப்படவில்லை. கூரையும் கதவும் பொருத்தி முடிக்கப்பட்ட அவ்வைந்நூறு வீடுகளும் பத்தாண்டுக்கு மேலாக ஆளின்றிக் கிடந்தன. முற்றங்களிற் காடு வளர்ந்தது.